சிலுவை யாருடைய தோளில்?

பொன்னை நெருப்பிலே இடுகிறான் பொற்கொல்லன். மாசு அகலுகிறது, ஒளி மிகுகிறது. அதுபோலவே ஆண்டவன் தன் அடியாரைத் துன்பத்திலே இடுகிறான். அவர்தம் விசுவாசம் மாசு நீங்கி ஒளிர்கிறது. பேதுருவின் முதல் நிருபத்திலே காணப்படும் இந்த உவமை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகக் கிறித்தவ உலகில் வாழ்ந்துவருகிறது. பிரசங்க மேடையிலே அது முழங்குகிறது. நோயாளியின் படுக்கையருகே மெல்லிய குரலிலே ஒலிக்கிறது. சாவு வீட்டிலே கண்ணீர் துடைக்கும் துணியாக நீட்டப்படுகிறது.

இனிய உவமைதான், மறுக்கவில்லை. ஆனால் உவமை என்று ஒன்று வந்துவிட்டால், பொருள் எது, உவமை எது, இரண்டுக்கும் பொதுவான தன்மை எது என்று கேட்பது தமிழன் தன் இலக்கணத்திலிருந்து கற்ற பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இதை அணுகுவோம். பொன் நெருப்பிலே உருகும், கருகுவதில்லை. மனிதன் கருகுகிறான். பொன்னுக்கு வலி தெரியாது; மனிதன் துடிக்கிறான். பொன்னுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, அடைக்கவேண்டிய கடன் இல்லை. மனிதனுக்கு எல்லாம் உண்டு. பொதுத்தன்மை எங்கே, தோழர்களே?

இந்தக் கேள்வியை நாம் காரியாபட்டி மண்ணிலே நின்று கேட்கிறோம். காரணம் இருக்கிறது, அதைப் பின்னர் சொல்வோம். முதலில், கிறித்தவ வாழ்விலே துன்பத்துக்கு நோக்கம் உண்டு என்ற கொள்கை என்ன சொல்கிறது, அதைப் பாடிய இலக்கியங்கள் எப்படிப் பாடின என்பதை நேர்மையோடு பார்ப்போம். ஒரு சமயத்தாரின் கருத்தை ஆராயும்போது அதன் வலுவான பகுதியை மறைத்துவிட்டு மெலிந்த பகுதியை மட்டும் அடித்து வீழ்த்துவது பகுத்தறிவன்று.

நால்வகைக் காரணங்கள்

கிறித்தவ நூல்கள் துன்பத்துக்குக் கூறும் காரணங்களை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது, சிட்சை. தந்தை தான் நேசிக்கும் மகனைக் கண்டித்து வளர்ப்பதுபோல் ஆண்டவனும் வளர்க்கிறான் என்கிறது எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரம். இரண்டாவது, சோதனை. மேலே கண்ட பொன் உவமை அதைச் சேர்ந்தது. மூன்றாவது, பங்கேற்பு. கிறிஸ்து பட்ட பாடுகளிலே அடியவனும் பங்கு கொள்கிறான் என்பது பவுலின் போதனை. நான்காவது, மறுமை. இன்றைய துயரை நாளைய மகிமையோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம் என்பது ரோமருக்கு அவர் எழுதியது.

இந்த நான்கையும் இக்காலத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தி, மனிதத் துன்பத்தின் கிறித்தவப் பொருள் பற்றி 1984ஆம் ஆண்டில் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு திருமடல் வெளியிட்டார். குற்றமற்றவன் படும் துன்பத்தைத் தண்டனை என்று சொல்லிவிட முடியாது என்று அந்த மடலே ஒப்புக்கொள்கிறது. பின் அதன் நோக்கம்தான் என்ன? மற்றவர் உள்ளத்திலே அன்பை ஊற்றெடுக்கச் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று கூறி, நல்ல சமாரியன் கதையை எடுத்துக்காட்டுகிறது. வழிப்பறிக்காரர்களால் அடிபட்டு எருசலேம்-எரிகோ சாலையிலே கிடந்தவனைக் கண்டு, குருக்கள் விலகிப் போனார். லேவியன் விலகிப் போனான். சமாரியன் மட்டும் நின்றான், காயத்தைக் கட்டினான், சத்திரத்திலே சேர்த்துப் பணமும் கொடுத்தான்.

நல்ல கதை. நாமும் வணங்குகிறோம் அந்தச் சமாரியனை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சமாரியன் அடிபட்டவனிடம் உன் காயத்தின் நோக்கம் இன்னது என்று விளக்கவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான். துணி கிழித்துக் கட்டினான். விளக்கவுரை வேறு, வைத்தியம் வேறு. கதையிலே இருப்பது வைத்தியம்.

யோபுவின் பத்துப் பிள்ளைகள்

துன்பத்தின் நோக்கத்தை ஆராயும் விவிலிய நூல்களிலே தலையாயது யோபு. இலக்கியம் என்ற அளவிலே உலகப் பேரிலக்கியங்களுள் ஒன்று. நாம் தயங்காமல் சொல்கிறோம். யோபு நல்லவன். அவனுக்கு 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள். ஏழு மகன்கள், மூன்று மகள்கள். சாத்தான் ஆண்டவனிடம் வருகிறான். இவன் பயன் கருதித்தான் பக்தி செய்கிறான், எடுத்துவிட்டுப் பாரும் என்கிறான். அனுமதி கிடைக்கிறது. மந்தை போயிற்று, மக்கள் பதின்மரும் வீடு இடிந்து மாண்டனர், யோபுவின் உடல் முழுதும் கொப்புளம்.

அப்போது வருகிறார்கள் நண்பர்கள் மூவர்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் பேசாமல் உடன் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நண்பர்கள். பிறகு வாய் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், இல்லையென்றால் இது வராது என்று விளக்கவுரை தொடங்கினார்கள். யோபு ஏற்கவில்லை. என் வழக்கை ஆண்டவன் முன்னாலேயே வாதாடுவேன் என்று வீறு கொண்டான். கடைசியில் தீர்ப்பு என்ன? விளக்கம் சொன்ன மூவரும் சரியாகப் பேசவில்லை, வாதாடிய யோபுவே சரியாகப் பேசினான் என்று ஆண்டவனே கூறுவதாக நூல் முடிக்கிறது. துன்பப்படுபவனுக்குக் காரணம் கற்பிக்கப் போவோரை விவிலியமே கண்டித்திருக்கிறது! சாவு வீட்டுப் பிரசங்கிகள் இந்த 42ஆம் அதிகாரத்தை அடிக்கடி படிப்பது நல்லது.

நூலாசிரியரைப் பாராட்டியபின் ஒரு குறையையும் சொல்லவேண்டும். முடிவிலே யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. ஆடுகள் 14,000, ஒட்டகங்கள் 6,000. மக்கள் மீண்டும் பத்து. கணக்குச் சரி! ஆனால் இடிந்த வீட்டின் அடியிலே மாண்ட அந்தப் பத்துப் பேர்? அவர்கள் யோபுவின் பொறுமையை அளக்க வைத்த எடைக்கற்களா? அவர்களுடைய துன்பத்துக்கு நோக்கம் என்ன? செத்த ஆட்டுக்கு ஈடாக வேறு ஆடு வாங்கலாம். செத்த பிள்ளைக்கு ஈடு உண்டா? பெற்ற தாயைக் கேளுங்கள். நோக்கம் உள்ள துன்பம் என்ற கதையிலே எப்போதும் நாயகன் ஒருவன் இருக்கிறான். அவன் துன்பத்துக்கு நோக்கம் கிடைக்கிறது. அவனைச் சுற்றிச் செத்தவர்களுக்கு வெறும் சாவுதான் கிடைக்கிறது.

பெட்ஃபோர்டுச் சிறையிலிருந்து நெல்லைக்கு

தமிழிலே இந்தப் பொருளைக் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருட்டிண பிள்ளை. 1827இல் நெல்லைச் சீமையிலே கரையிருப்பில் பிறந்த வைணவர், கம்பனிலே தோய்ந்தவர், 1858இல் கிறித்தவரானவர். 1894இல் அவர் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. கம்பனின் நடையிலே கிறித்துவைப் பாடியதால் கிறித்தவக் கம்பர் என்று புகழ்பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட மூலம், ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த 'மோட்சப் பயணம்'.

பனியன் யார்? பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த ஏழை. அரசாங்க உரிமை பெறாமல் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660இல் கைதானவர்; 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையிலே கிடந்தவர். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. சிறையிலே காலணிக் கயிறு பின்னி, கண் தெரியாத மூத்த மகள் உள்ளிட்ட குடும்பத்துக்குப் படியளந்தார். அவருடைய பயணக் கதையிலே பயணி முதுகில் மூட்டை சுமந்து செல்கிறான். சிலுவையடியிலே மூட்டை கழன்று விழுகிறது. அந்த மூட்டை பாவம் என்கிறார் ஆசிரியர், துன்பம் என்று சொல்லவில்லை. துன்பங்கள் மூட்டை விழுந்த பின்னும் தொடர்கின்றன. மாயச் சந்தையிலே, அநீதிமன்றம் ஒன்று பயணியின் தோழனைத் தீயிலிட்டுக் கொல்கிறது. அவநம்பிக்கை என்னும் அரக்கன் பயணியைப் பிடித்துக் கோட்டையிலே அடைத்து அடிக்கிறான். தற்கொலை செய்துகொள் என்கிறான்.

அப்போது பயணி என்ன செய்கிறான்? இந்த அடியெல்லாம் என் நன்மைக்கே என்று பாடிக்கொண்டு கிடக்கிறானா? இல்லை! தன் மடியிலேயே ஒரு சாவி இருப்பது நினைவுக்கு வருகிறது. பூட்டைத் திறக்கிறான், தப்புகிறான். சிறையிலிருந்த கலைஞன் சிறையின் நோக்கத்தைப் பாடாமல், சாவியைப் பாடினான். இதைத்தான் நாம் பனியனிடம் போற்றுகிறோம்.

கிருட்டிண பிள்ளையும் சுகவாசியாக இருந்து துன்பத்தைப் பாடியவரல்லர். தாம் பிறந்த குலத்தின் நெறியை விட்டு வேறு நெறி புகுவது அந்நாள் நெல்லையிலே எத்தகைய பிரிவையும் பழியையும் கொண்டுவரும் என்பதை அறிந்தே அடியெடுத்து வைத்தார். அவர் பாடலிலே உருக்கம் இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் தமிழ்க் காப்பியமாக மாறும்போது ஒரு மாற்றம் நேர்கிறது. பனியன் நடைபாதையிலே நின்று பேசும் கொச்சை மொழியில் எழுதினார். கிருட்டிண பிள்ளை செந்தமிழ் விருத்தத்திலே பாடினார். தகரவேலைக்காரனின் முதுகு வலி, காப்பியத் தலைவனின் பக்தி அணியாக மாறுகிறது. வலி அழகாகிவிட்டால், வலியை நீக்கவேண்டும் என்ற துடிப்புக் குறைந்துபோகிறது. அணியழகின் ஆபத்து அது. புலவரின் திறமையைக் குறை கூறவில்லை. அத்திறமை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

ஓரியூரும் வள்ளுவரும்

இனி, காரியாபட்டிக்கு அருகே வருவோம். இன்று விருதுநகர் மாவட்டத்திலே இருக்கும் இவ்வூர், 1985க்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சேதுபதி சீமையிலேதான் ஓரியூர் இருக்கிறது. அங்கே 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டவர் ஜான் டி பிரிட்டோ. தமிழ்ப் பெயர் அருளானந்தர். லிஸ்பன் நகரின் உயர்குடியிலே பிறந்த பாதிரியார். மறவர் நாட்டிலே முன்பே ஒருமுறை பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர். தாய்நாடு போனார், அங்கே பதவியும் பாதுகாப்பும் காத்திருந்தன. எல்லாம் வேண்டாம் என்று, மரணம் காத்திருப்பது தெரிந்தும் இதே மண்ணுக்குத் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்னும் பாளையத்தலைவர் அவரால் கிறித்தவராகி, மனைவியருள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். மன்னனின் சினம் பாதிரியார்மேல் விழுந்தது. 1947இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

அவருடைய மதத்தை நாம் ஏற்கவில்லை. அவருடைய துணிவை மறுக்க முடியுமா? முடியாது. ஏனெனில் அது அவர் தேர்ந்துகொண்ட துன்பம். அதற்குப் பொருள் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் அதே நிகழ்ச்சியிலே விலக்கப்பட்ட அந்தப் பெண்ணும் துன்பப்பட்டாளே! அவள் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. அவளைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. அவள் துயரை எந்தத் திருவிழா நினைக்கிறது?

தேர்ந்துகொண்ட துன்பம், திணிக்கப்பட்ட துன்பம். இந்த வேறுபாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வள்ளுவர் கண்டது. அவரும் பொன்னை நெருப்பிலிடும் உவமையைக் கையாளுகிறார், 267ஆம் குறளிலே. ஆனால் எந்த அதிகாரத்திலே? தவம் என்ற அதிகாரத்திலே! தானே விரும்பி நோன்பு நோற்பவனுக்குத் துன்பம் ஒளி தரும் என்கிறார். பிச்சையெடுத்தே உயிர்வாழ வேண்டிய நிலை ஒருவனுக்கு வந்தால் வள்ளுவர் என்ன சொல்கிறார்? 1062ஆம் குறளைப் பாருங்கள். அவனை நோக்கி, பொறுத்துக்கொள், நீ பொன் என்று சொல்லவில்லை. அப்படியொரு நிலையை வகுத்தவன் இருந்தால் அவன் அலைந்து கெடட்டும் என்று சாபமிடுகிறார். துறவிக்குப் பொன் உவமை, ஏழைக்கு அறச்சீற்றம். ஒரே புலவர், இரண்டு இடங்கள், இரண்டு குரல்கள். பேதுருவின் உவமையும் தன் நம்பிக்கைக்காகத் துன்பத்தை ஏற்ற பழங்காலக் கிறித்தவரை நோக்கி எழுதப்பட்டதே. அதைத் தூக்கி வந்து கூலிக்காரன் தலையிலே வைத்ததுதான் பிழை.

வெடித்த மே நாள்

இப்போது காரியாபட்டியைச் சொல்கிறோம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பயிர், பொய்த்தால் சீமைக்கருவேல். நிலம் சோறு போடாத இடத்திலே மனிதன் கல்லை உடைக்கிறான், மருந்தை அடைக்கிறான். 2024 மே 1, உலகெங்கும் உழைப்பாளர் நாள். அன்று காரியாபட்டி வட்டத்திலே, ஆவியூர் அருகே கல்குவாரி ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. சுற்றுக் கிராமங்கள் அதிர்ந்தன. தொழிலாளர் மூவர் உடல் சிதறி மாண்டனர். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று நாம் கேட்கவில்லை, வெடிமருந்தும் கேட்கவில்லை.

தெற்கே சென்றால் சிவகாசி. 1923இல் தீப்பெட்டித் தொழில் அங்கே வேரூன்றியது, பின் பட்டாசு. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலே நடந்த வெடிவிபத்திலே குறைந்தது 38 பேர் மாண்டனர்; அவர்களிலே உதவி செய்ய ஓடிவந்தவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலே 20க்கு மேற்பட்டோர். இவை பெரிய எண்ணிக்கைகள். செய்தித்தாளின் மூலையிலே ஒருவர் இருவராகப் போனவர்களைச் சேர்த்தால் பட்டியல் நீளும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் துக்க வீட்டிலே ஒரே சொல் பல வேடங்களிலே வருகிறது. கோயிலுக்குப் போகிறவர் தலையெழுத்து என்கிறார். மாதா கோயிலுக்குப் போகிறவர் கர்த்தர் சித்தம் என்கிறார். வேடம் வேறு, பயன் ஒன்று. விபத்துக்குக் காரணம் வானத்திலே இருக்கிறது என்று முடிவாகிவிட்டால், பூமியிலே தேடவேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

ஆனால் காரணம் பூமியிலேதான் இருக்கிறது. தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையிலே ஆட்களை அடைப்பது, அளவுக்கு மேல் மருந்தைக் கலப்பது, உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர் கையிலுமாக நடப்பது, தீபாவளி நெருங்கும்போது அவசரம், சித்திரை வெயிலிலே மருந்தின் உராய்வு, பெயரளவுக்கு நடக்கும் சோதனை. விசாரணைகளும் செய்திகளும் திரும்பத் திரும்பச் சொன்ன காரணங்கள் இவை. இவற்றிலே எது தேவரகசியம்?

இங்கே விவிலியத்திலேயே ஒரு நிகழ்ச்சி நமக்குத் துணை வருகிறது. சீலோவாமிலே ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். லூக்கா 13ஆம் அதிகாரம். செத்தவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை இயேசு மறுக்கிறார். அந்த அளவில் அது தெளிவான பேச்சு. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. நீங்களும் மனந்திரும்பாவிட்டால் அப்படியே அழிவீர்கள் என்று தொடர்கிறார். நாம் கேட்பது வேறு: கோபுரத்தைக் கட்டியவர் யார்? அதன் விரிசலைக் கண்டும் காணாதிருந்தவர் யார்? 18 பேரின் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? அடுத்த கோபுரத்தை யார் சோதிப்பது? இந்த நான்கு கேள்விகளையும் எந்த உபதேசியார் துக்க வீட்டிலே எழுப்புகிறாரோ, அவர் கையைப் பற்றிக் குலுக்க நாம் காத்திருக்கிறோம்.

துன்பத்தின் நோக்கம் என்ற கொள்கையால் யாருக்கு வசதி என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிஞ்சு விரல்கள் தீப்பெட்டி ஒட்டிய காலம் இருந்தது. வறுமை அவர்களுக்குக் கற்றுத்தரும் பாடம் என்று பேசிக்கொண்டிருந்தால் அக்குழந்தைகள் அங்கேயே கிடந்திருப்பார்கள். சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கிலே, 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், குழந்தை ஒன்றை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொகை சிறிது, நிறைவேற்றம் அதைவிடச் சிறிது. ஆயினும் அந்தத் தீர்ப்பு குழந்தையின் துன்பத்துக்கு நோக்கம் தேடாமல், பொறுப்பாளியைத் தேடியது.

டோனாவூரின் சான்று

கிறித்தவர் அனைவரும் துன்பத்தைப் புகழ்ந்து கைகட்டி நின்றவர்கள் என்று சொன்னால் அது பொய். நெல்லை மாவட்டம் டோனாவூருக்குப் போய்ப் பாருங்கள். அயர்லாந்திலே பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட இருந்த ஒரு சிறுமி தப்பிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து அத்தகைய குழந்தைகளுக்கு ஒரு வீடே எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட வரலாறு நம் வாசகர் அறிந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த அம்மையார் அக்குழந்தையிடம், உன் துன்பத்துக்கு ஒரு நோக்கம் உண்டு, திரும்பிப் போ என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தார்.

அதே அம்மையார் 1931இல் ஒரு பள்ளத்திலே விழுந்து எலும்பு முறிந்தார். 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே நோயாளியாக வாழ்ந்தார். 1933இல், நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் நூலாக 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலை வெளியிட்டார். முட்செடியிலே கொய்த ரோசா என்று பொருள். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல் பிரசுரங்கள் தமக்கு உதவவில்லை என்று அதிலே அவர் சொல்வது எண்ணத்தக்கது. பக்தியிலே ஊறிய பெண்மணியே சொல்கிறார்: வலியை அறியாதவன் வலிக்கு எழுதும் உரை வலிப்பவனுக்கு ஒட்டாது!

அந்த அம்மையாரின் வாழ்விலேயே நம் கருத்து அடங்கியிருக்கிறது. தன் துன்பம் வந்தபோது அதற்குத் தானே பொருள் கண்டார். அது அவர் உரிமை. பிறர் துன்பம் வந்தபோது அதை நீக்க எழுந்தார். அது அவர் கடமை. உரிமையையும் கடமையையும் இடம் மாற்றுவதே கொடுமை. தன் துன்பத்தை நீக்கிக்கொண்டு பிறர் துன்பத்துக்குப் பொருள் கூறுகிறவன்தான் இந்த நாட்டிலே மிகுதி.

ஆறுதலைப் பறிக்கிறோமா?

ஒரு மறுப்பு வரும். அதை நாமே எழுப்பிக்கொள்கிறோம். 'கணவனை இழந்தவளுக்கு உங்களால் கணவனைத் திருப்பித் தர முடியாது. அவளுக்கு இருப்பது ஒரே நம்பிக்கை. அதையும் பறிக்கிறீர்களே, உங்களுக்கு இரக்கம் இல்லையா?' வலுவான மறுப்பு. இதற்குச் சிரித்து மழுப்பி விடை சொல்லக் கூடாது.

நம் விடை இதுதான். அவள் தன் கண்ணீருக்குத் தானே ஒரு பொருள் கண்டு அமைதி கொள்வாளானால், அதைப் பிடுங்கப் போவது நம் வேலையன்று. துக்க வீட்டிலே வாதம் புரிகிறவன் பகுத்தறிவாளனல்லன், பண்பற்றவன். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைப் போல உடன் அமர்ந்திருங்கள். ஆனால் ஆறுதல் வேறு, காரணம் வேறு. உன்னோடு இருக்கிறோம் என்பது ஆறுதல். இது உனக்காகவே அனுப்பப்பட்டது என்பது காரணம். அந்தக் காரணம் அவளுக்கு ஆறுதலாகலாம். கூடவே குத்தகைக்காரருக்கு விடுதலைப் பத்திரமும் ஆகிவிடுகிறது. அதைத்தான் எதிர்க்கிறோம்.

கிறித்தவரை மட்டும் குறிவைத்து இதை எழுதவில்லை. நம் சிலம்பிலேயே இருக்கிறது சான்று. கோவலன் கொலையுண்டான், முற்பிறப்பிலே அவன் செய்த பழியின் பயன் என்று காப்பியத்திலே தெய்வமே வந்து விளக்கம் சொல்கிறது. ஆனால் கண்ணகி அந்த விளக்கத்துக்காகக் காத்திருந்தாளா? விளக்கம் வந்தது பின்னால். அதற்கு முன்பே அவள் சிலம்பைக் கையிலேந்தி அரண்மனை வாயிலிலே நின்றுவிட்டாள். சான்று காட்டினாள், வழக்காடினாள், மன்னனே தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். ஊழ்வினை விளக்கம் காப்பியத்தின் ஓர் ஓரத்திலே கிடக்கிறது. தமிழர் நெஞ்சிலே நிற்பது நீதி கேட்ட அந்தக் காட்சி!

சமாரியன் கதையைப் பற்றி இன்னொரு கிறித்தவர் சொன்னதையும் எண்ணிப் பார்ப்போம். அமெரிக்க நீக்ரோ மக்களின் விடுதலைக்கு உழைத்த பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங், 1967இல் நியூயார்க்கிலே பேசும்போது, அடிபட்டவனுக்குக் கட்டுப்போடுவது தொடக்கம் மட்டுமே, பயணிகள் மீண்டும் மீண்டும் அடிபடாதபடி எரிகோ சாலையையே மாற்றியாக வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தினார். அவர் தாமே அடி வாங்கினார், சிறை புகுந்தார், 1968இல் சுட்டுக் கொல்லப்பட்டார். துன்பத்துக்கு மீட்பளிக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பியவர்தான் அவரும். ஆனால் அந்த நம்பிக்கையைத் தம் முதுகிலே சுமந்தார். பிறர் முதுகிலிருந்த சுமையை இறக்கப் போராடினார்.

எரிகோ சாலை எங்கோ பாலஸ்தீனத்திலே மட்டும் இல்லை, தோழர்களே. அது ஆவியூர் குவாரிக்குப் போகிறது. சாத்தூருக்குப் போகிறது. மருந்து அறைகளின் வாசலுக்குப் போகிறது. அந்தச் சாலையிலே செல்லும் இளைஞர்கள், அடுத்தமுறை ஒரு வெடிச்சத்தம் கேட்டால், மூன்று வேலைகளை மறவாமல் செய்யட்டும். முதலில் காயம்பட்டவரைத் தூக்குங்கள். பிறகு துக்க வீட்டிலே பேசாமல் உடனிருங்கள். அதன்பின், அறையிலே எத்தனை பேர் இருந்தார்கள், உரிமம் யார் பெயரில், சோதனைக்கு வந்த அதிகாரி யார், இழப்பீடு எங்கே என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். கோயில் பூசாரியையும் பங்குத் தந்தையையும் உங்களோடு வந்து கேட்கச் சொல்லுங்கள். வந்தால் வரவேற்போம்.

சிலுவை சுமக்க விரும்புகிறவர் சுமக்கட்டும்; தம் தோளிலே சுமக்கட்டும். வரலாறு அத்தகையோரை மதித்திருக்கிறது, நாமும் மதிக்கிறோம். ஆனால் கூலிக்காரன் தோளிலே அதை ஏற்றி வைத்துவிட்டு, அருகே நிழலிலே நின்று அதன் நோக்கத்தை விளக்குகிறவரைக் கண்டால், ஐயா, ஒரு பக்கம் பிடியுங்கள், முதலில் இதை இறக்குவோம் என்று சொல்லுங்கள்.